'பாஸ்' என்னும் வினைச்சொல்

(திருநின்றவூரில் நடைபெற்ற கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் தளராமல் நடைபெறுவது எளிய செயல் அன்று. செல்வர் நிறுவிய கழகமாயின் அதற்குச் சொத்து துணை நிற்கும். இதுவோ கூலி வேலைக்குச் சென்று மீண்ட கைகள் மாதந்தோறும் எடுத்து வைத்த சிறு தொகையால் வளர்ந்த கழகம். இதன் வெள்ளிவிழாவில் பேசும் வாய்ப்பினை அளித்தமைக்கு நன்றி கூறி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறோம்.

"இளைஞர்க்கு ஆங்கிலத்தில் பயன்படக்கூடிய ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் பல பொருள் தரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் எதனை எடுத்துக்கொள்ளலாம் என எண்ணிப் பார்த்தோம். எழுத்தறியாத நம் தாய்மாரும் பாட்டிமாரும் அறிந்த ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு. அதுதான் 'பாஸ்'.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் தெருவில் எழும் முதற்கேள்வி "பாஸா?" என்பதே. முன்னாளில் தேர்வு முடிவுகள் நாளிதழில் எண்களாக அச்சிடப்பட்டு வந்தன. தேறியவர் எண் இருக்கும். தேறாதவர் எண் இராது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், நாளிதழைப் பிடித்திருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நம் தலைமுறையினர் மறந்திருக்க முடியாது. அந்தத் தாய்க்கு ஆங்கிலத்தில் தெரிந்தது இந்த ஒரு சொல்லே. அச்சொல்லிலேதான் அவள் குடும்பத்தின் வருங்காலம் அடங்கியிருந்தது.

இச்சொல்லைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பட்டம் பெற்றபின் ஒரு நிறுவனத்திற்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். முந்தைய இரவு முழுவதும் ஆங்கில அகராதியைப் புரட்டிப் படித்துவிட்டுச் சென்றவர் அவர். "வென் டிட் யூ பாஸ் அவுட்?" என்று அங்கே கேட்டனர். 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுதல் என்று அகராதியில் படித்திருந்த அவர், "நோ சார், ஐ நெவர் பாஸ்டு அவுட்" என்று பணிவோடு விடை கூறினார். எதிரில் அமர்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டனர். படிப்பை எந்த ஆண்டு முடித்தீர் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

அந்த மாணவர் நம்மிடம் வந்து, "ஐயா, நமக்கு இந்த ஆங்கிலம் வேண்டா" என்றார். அவர் பிழை செய்யவில்லை. அகராதியும் பொய் கூறவில்லை. இங்கிலாந்தில் 'பாஸ் அவுட்' என்பது மயங்கி விழுதலையும் குறிக்கும். படைப்பயிற்சியை முடித்து வெளியேறுவதையும் குறிக்கும். காவலர் பயிற்சி நிறைவில் நடைபெறும் 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு இரண்டாவது பொருளில் வந்ததே. நம் நாட்டில் அது கல்லூரிப் படிப்பை முடித்தலுக்கும் விரிந்துவிட்டது. ஒரு சொல்லுக்குப் பல வாயில்கள் உண்டு என்பதை நாம் அவருக்குச் சொல்லித் தரவில்லை. குறை நம்முடையதே. அந்தக் குறையைத் தீர்க்கவே இன்று இச்சொல்லை எடுத்துக்கொண்டோம்.

சொல்லின் வேர்

இலத்தீன் மொழியில் 'பாஸஸ்' என்றால் காலடி என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது இச்சொல். ஓர் அடி எடுத்து வைத்துக் கடந்து செல்லுதல் என்பதே இதன் அடிப்படைப் பொருள். பயணியைக் குறிக்கும் 'பாஸஞ்சர்', கடவுச்சீட்டைக் குறிக்கும் 'பாஸ்போர்ட்', அத்துமீறி நுழைதலைக் குறிக்கும் 'டிரெஸ்பாஸ்' ஆகியன எல்லாம் இதன் கிளைகளே. கடந்து போனதைக் குறிக்கும் 'பாஸ்ட்' என்னும் சொல்லும் இவ்வினையின் பழைய எச்ச வடிவமே. இங்கு மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'கடந்தான்' என்னும் வினையும் 'கடந்த காலம்' என்னும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்று, எழுத்தால் வேறு. வினையாக வரும்போது இரண்டு 'எஸ்' எழுத வேண்டும். கடந்த காலத்தைக் குறிக்கும்போது ஒரே 'எஸ்'. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களில் நாம் காணும் பிழை இது.

கடந்து செல்லுதல்

முதற்பொருள் கடந்து செல்லுதல். நம் ஊரின் பெயரோ திருநின்றவூர். திருமகள் வந்து நின்ற ஊர் எனப் பெயர்க்காரணம் கூறுவர். 'நின்ற' ஊரில் நின்றுகொண்டு 'கடந்து செல்லும்' சொல்லைப் பற்றிப் பேசுகிறோம்! 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கித் தொடங்கப்பெற்ற தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப் பாதை நம் பகுதியின் வழியாகவே சென்றது. இன்று புறநகர் மின்வண்டிகள் இங்கு நிற்கின்றன. தொலைதூர விரைவு வண்டிகள் நில்லாமல் செல்கின்றன. 'தி எக்ஸ்பிரஸ் பாஸஸ் திருநின்றவூர்' என்றால் நம் நிலையத்தைத் தாண்டிச் செல்கிறது என்பது பொருள். 'பாஸஸ் த்ரூ' என்றால் ஊரின் ஊடே செல்கிறது. 'பாஸஸ் பை' என்றால் அருகே செல்கிறது. பின்னே வரும் ஒரு சிறு சொல் பொருளை எவ்வளவு மாற்றிவிடுகிறது, பாருங்கள்!

'பாஸ் த்ரூ', ஒரு தெருவின் ஊடே நடந்து செல்லுதல், இலக்கணத்தில் எளிய தொடர். வாழ்க்கையில் நம் முன்னோர்க்கு அது எளிதாக இருந்ததில்லை. பொதுத்தெருவில் நடப்பதையே 'டிரெஸ்பாஸ்' போல, எல்லை மீறிய குற்றமாகக் கருதிய காலம் அது. 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியதும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கத் தடையில்லை. பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்தவும் தடையில்லை என்பது அதன் சாரம். அத்தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வெளிவந்தது. தெருவில் நடக்க ஓர் அரசாணை தேவைப்பட்டது என்பதை இக்கால இளைஞர் நம்புவது கடினம். ஆயினும் அது வரலாறு. இன்று நீங்கள் காலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தேரடித் தெருவைக் கடந்து தொடர்வண்டி நிலையத்திற்குச் செல்கிறீர்கள் அல்லவா? அந்த நடையின் பின்னே ஒரு நூற்றாண்டுப் போராட்டம் உள்ளது.

தேர்வில் தேறுதல்

இரண்டாம் பொருள் தேர்வில் வெற்றி பெறுதல். இதில் நம் மாணவர் செய்யும் பிழை 'ஐ ஆம் பாஸ்டு' என்று எழுதுவது. தமிழில் 'நான் பாஸ்' என்று சொல்லிப் பழகியதால் வரும் பிழை இது. 'ஐ ஹேவ் பாஸ்டு' என்றோ 'ஐ பாஸ்டு' என்றோ எழுத வேண்டும். 'ஐ பாஸ்டு இன் தி எக்ஸாம்' என்பதை விட 'ஐ பாஸ்டு தி எக்ஸாம்' என்பதே நல்ல வழக்கு. தேர்வு என்பது கடக்கப்படும் பொருள். இடையே வேறு சொல் வேண்டுவதில்லை. எந்தப் பாடத்தில் தேறினோம் என்று சொல்ல வேண்டும்போது மட்டும் 'இன்' சேர்க்கலாம்.

தமிழில் இதற்குத் 'தேர்ச்சி' என்கிறோம். 'பிள்ளை தேறிவிட்டான்' என்கிறோம். நோயிலிருந்து மீண்டவனையும் 'தேறிவிட்டான்' என்றே சொல்வது நம் வழக்கு. துயரில் இருப்பவர்க்குச் சொல்வதும் 'தேறுதல்' தான். ஆங்கிலச் சொல் தாண்டிப் போனான் என்பதோடு நின்றுவிடுகிறது. நம் சொல்லோ வலிமை பெற்றான், துயர் நீங்கினான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை தேர்வில் தேறும்போது, அந்த வீடே நெடுநாள் நோயிலிருந்து தேறுகிறது என்பது மிகையன்று.

2020இல் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டு, மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். அப்பிள்ளைகளைச் சிலர் 'கொரோனா பாஸ்' என்று ஏளனம் செய்தனர். அவர்கள் உள்ளம் எவ்வளவு வருந்தியது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். ஓராண்டு ஏளனத்தை அப்பிள்ளைகளால் தாங்க முடியவில்லை. 'சலுகையில் பாஸ்' என்னும் ஏளனத்தையோ நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகின்றனர். ஏளனம் செய்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கல்லூரியில் சேர்வதற்கு இட ஒதுக்கீடு உண்டு. கல்லூரியின் இறுதித் தேர்வில் தேறுவதற்கு இல்லை. விடைத்தாளைத் திருத்துபவர்க்கு எழுதியவரின் எண் தெரியும், சாதி தெரியாது. நம் பிள்ளைகள் பெற்ற பட்டம் அவர்கள் எழுதிப் பெற்ற பட்டமே.

சட்டம் நிறைவேறுதல்

மூன்றாம் பொருள் சட்டமோ தீர்மானமோ நிறைவேறுதல். 'தி அசெம்ப்ளி பாஸ்டு தி பில்' என்றால் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது என்பது பொருள். நீதிமன்றம் தண்டனை விதிப்பதற்கும், அதிகாரி ஆணை பிறப்பிப்பதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்துவர். நமக்கு அண்மையிலுள்ள ஆவடியில் 1955 சனவரியில் காங்கிரசு மாநாடு கூடிச் சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பது என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1922இல் எம்.சி. இராசா அவர்களின் முயற்சியால், இழிவாக வழங்கப்பட்ட பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என வழங்க வேண்டும் எனச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது.

இங்கே ஒரு வேறுபாட்டை இளைஞர்கள் அறிய வேண்டும். தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் ஓர் அவையின் கருத்தைக் காட்டும். சட்டமோ மீறியவரைத் தண்டிக்கும். நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்குக் கைகால் கொடுக்க 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் அது திருத்தம் பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. அதுவும் போதாமையால் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரே தீமையை ஒழிக்க ஏன் இத்தனை சட்டங்கள் எனக் கேட்கலாம். சட்டம் 'பாஸ்' ஆவது என்றால் அது ஒரு வாயிலைத் தாண்டியது என்பதே பொருள். அவையைத் தாண்டி அரசிதழுக்கு வரவேண்டும். அரசிதழைத் தாண்டி மாவட்ட அலுவலகத்திற்கு வரவேண்டும். அதைத் தாண்டிக் காவல் நிலையத்திற்கு வரவேண்டும். அங்கிருந்து நம் தெருவுக்கு வரவேண்டும். ஒவ்வொரு வாயிலிலும் அதைக் கைப்பிடித்து அழைத்து வருவதற்குப் படித்தவர் வேண்டும். மனு எழுதத் தெரிந்த ஒருவர் இல்லாத தெருவுக்குள் எந்தச் சட்டமும் தானே வந்து சேர்வதில்லை.

கைமாற்றுதல்

நான்காம் பொருள் கையிலிருந்து கைக்குக் கொடுத்தல். உணவு மேசையில் 'பிளீஸ் பாஸ் தி சால்ட்' என்பர். 'கிவ்' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. 'கிவ்' என்றால் உடையவன் கொடுக்கிறான். 'பாஸ்' என்றால் அருகில் இருப்பவன் எடுத்து நீட்டுகிறான். உப்பு அவனுடையதாக இருக்க வேண்டுவதில்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால்தான் இச்சொல்லே பிறக்கும். பந்து விளையாட்டிலும் அவ்வாறே. ஒரே அணியில் இருப்பவனுக்குத்தான் பந்தைப் 'பாஸ்' செய்வர்.

தீண்டாமை என்பது யாதெனின், கையிலிருந்து கைக்கு எதுவும் செல்லாமல் தடுப்பதே. தண்ணீரைக் குவிந்த கையில் மேலிருந்து ஊற்றினர். கூலியைத் தரையில் வைத்தனர். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தனர். கொடுத்தார்கள், உண்மை, ஆனால் கைமாற்றவில்லை. 'கிவ்' இருந்தது, 'பாஸ்' இல்லை. ஆகவே நாம் கேட்பது கொடை அன்று. ஒரே மேசையில் இடம். இவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வேறு எவரினும் நாம் நன்கு உணர முடியும்.

சீட்டு

இவ்வினை பெயராகவும் வரும். பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துப் 'பாஸ்', அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர் அறிந்த 'கேட் பாஸ்', வங்கியின் 'பாஸ்புக்' ஆகியன நமக்குப் பழக்கமானவை. கடந்து செல்ல இசைவு தரும் சீட்டு என்பதே பொருள். ஆனால் அதே சீட்டு தளையாகவும் ஆனதுண்டு. 1860 நவம்பர் 16இல் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. பின்னும் பல கப்பல்கள் சென்றன. அவற்றில் சென்றோருள் வட ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளைச் சேர்ந்த எளிய மக்கள் பலர். தோட்டத்தை விட்டு வெளியே செல்ல முதலாளியின் சீட்டு அவர்க்குத் தேவைப்பட்டது. பின்னாளில் அந்நாட்டுக் கறுப்பின மக்கள் அனைவரும் 'பாஸ்' சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் இருந்தது. அதனை எதிர்த்து 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில் என்னும் இடத்தில் கூடிய மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 69 பேர் மாண்டனர். அச்சட்டங்கள் 1986இல்தான் நீக்கப்பட்டன. யார் கையில் யார் கொடுத்த சீட்டு என்பதைப் பொறுத்தே ஒரு சொல் உரிமையாகவும் அடிமைத்தனமாகவும் ஆகிறது.

வேறொருவராய் நடத்தல்

'பாஸ் ஃபார்' என்றால் வேறொருவராகக் கருதப்படும்படி நடந்துகொள்ளுதல். அமெரிக்காவில் நிறம் வெளுத்த கறுப்பினத்தார் சிலர் தம்மை வெள்ளையர் எனக் காட்டி வாழ்ந்தனர். அவ்வாழ்க்கையைப் பற்றி நெல்லா லார்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி 1929இல் எழுதிய புதினத்தின் பெயரே 'பாஸிங்' என்பதாகும்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. கோயமுத்தூரில் பயின்ற காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் உடன் பயில்வோருடன் நெருங்கிப் பழகாமல் ஒதுங்கியே இருந்ததாக இரட்டைமலை சீனிவாசனார் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற பெருமகனார் பட்ட பாடு இது. அண்ணல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்றபோது, தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்குரிய விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் செய்தி வெளிப்பட்டது. தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அந்நிகழ்ச்சியை அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் தலைப்பு 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்பது. உலகெங்கும் செல்லக் கடவுச்சீட்டு இருந்தது. தம் நாட்டில் ஒரு விடுதிக்குள் நுழைவதற்கு இசைவு இல்லை.

இளைஞர்களே! இப்பொருளைப் பற்றிப் பேசும்போது நமக்கு வருத்தம் மிகுகிறது. நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் இளைஞரிடம் "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கின்றனர். சிலர் மெய்யை மறைக்க நேரிடுகிறது. மறைப்பவரை நாம் குறை கூற மாட்டோம். குற்றம் மறைக்க வைப்பவரைச் சாரும். ஆயினும் அதற்குத் தரும் விலை என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாய் வந்தால் அவள் பேச்சிலும் உடையிலும் தெரிந்துவிடுமோ என அஞ்சி, பெற்ற தாயைத் தம் வீட்டுக்கு வரவேண்டா எனச் சொல்லிய பிள்ளைகளை நாம் அறிவோம். "பாஸா?" என்று கேட்டுக் காத்துநின்ற அதே தாயை! ஒரு பொருளில் பாஸ் ஆனவன் இன்னொரு பொருளில் 'பாஸ்' செய்யத் தொடங்கினால், கற்ற கல்வி தாய்க்கும் மகனுக்கும் இடையே சுவராகிவிடும்.

விட்டுத் தாண்டுதல்

'பாஸ் ஓவர்' என்றால் ஒருவரை விட்டுவிட்டுத் தாண்டிச் செல்லுதல். விவிலியத்தில் தமிழில் 'பஸ்கா' எனப்படும் பண்டிகைக்கு ஆங்கிலப் பெயர் 'பாஸ் ஓவர்'. அழிவு இசுரவேலரின் வீடுகளைத் தாண்டிப் போயிற்று என்னும் நன்றியுணர்வில் பிறந்தது அது. அலுவலகத்தில் 'ஹீ வாஸ் பாஸ்டு ஓவர்' என்றாலோ, பதவி உயர்வு அவரை விட்டுத் தாண்டிப் போயிற்று என்று பொருள். ஒரே தொடர் ஓரிடத்தில் கருணை; ஓரிடத்தில் அநீதி.

இதனோடு தொடர்புடைய வழக்கு ஒன்றை அரசுப் பணியில் உள்ளோர் அறிந்திருத்தல் நன்று. கேரள அரசு, தாழ்த்தப்பட்ட எழுத்தர்கள் பதவி உயர்வுக்குரிய துறைத் தேர்வுகளில் தேறுவதற்குத் தற்காலிக விலக்களித்துக் கூடுதல் காலம் தந்தது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கேரள அரசு எதிர் என்.எம். தாமஸ் என்பது வழக்கின் பெயர். 1975 செப்டம்பரில் ஏழு நீதிபதிகளுள் ஐவர் அந்த விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தனர். சமமில்லாத நிலையில் உள்ளோரைச் சமநிலைக்குக் கொண்டுவர அரசு எடுக்கும் முயற்சி சமத்துவத்திற்கு மாறானதன்று, சமத்துவத்தின் ஒரு கூறே என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆனால் ஒன்று: அவர்க்குக் கிடைத்தது தேர்வு எழுதவே வேண்டா என்னும் நிலையான விலக்கு அன்று, தேறுவதற்குரிய காலம். காலம் தரப்படும்போது அதனைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடமை. வாய்ப்பினை வேண்டாவென நழுவவிடுதலுக்கு 'பாஸ் அப்' என்றொரு தொடர் உண்டு. நம்மைப் பிறர் 'பாஸ் ஓவர்' செய்வதை எதிர்க்க வேண்டும். நாமே வாய்ப்புகளைப் 'பாஸ் அப்' செய்வதையும் நிறுத்த வேண்டும்.

வழிவழி அளித்தல்

இறுதியாக இரண்டு தொடர்கள். 'பாஸ் அவே' என்றால் மறைதல், காலமாதல். இக்கழகத்தைத் தொடங்கியவருள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. 'தே ஹேவ் பாஸ்டு அவே' என்கிறோம். 'பாஸ் ஆன்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரு பொருள் உண்டு. மறைதல் என்பது ஒன்று. தாம் பெற்றதை அடுத்தவர்க்கு அளித்தல் என்பது மற்றொன்று. எதையும் அளிக்காமல் மறைபவனுக்கு முதற்பொருள் மட்டுமே உண்டு. நம் முன்னோடிகளுக்கோ இரு பொருளும் பொருந்தின.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்பதைப் படித்திருக்கிறீர்கள். 'கடந்தான்' தன்வினை, தான் கடந்தான். 'கடத்தினான்' பிறவினை, பிறரைக் கடக்கச் செய்தான். ஆற்றின் அக்கரை சேர்ந்தவன் ஓடத்தைத் திருப்பி அனுப்பவில்லையானால், இக்கரையில் நிற்பவர் நின்றவாறே இருப்பர்.

1907இல் பம்பாயில் ஓர் இளைஞர் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். அக்காலத்தில் அச்சமூகத்தில் அது அரிய செயல் ஆதலின், பாராட்டுக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கிருஷ்ணாஜி கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவ்விளைஞர்க்குப் பரிசாக அளித்தார். அவ்விளைஞர்தாம் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவர் பௌத்தம் தழுவினார். ஒரு தேர்ச்சி, ஒரு பாராட்டுக் கூட்டம், கைமாறிய ஒரு நூல் ஆகியவற்றுக்கும் அந்த நாளுக்கும் இடையே நாற்பத்தொன்பது ஆண்டுகள். நூலை அளித்தவர் அதனை எண்ணியிருக்க மாட்டார். நாம் கைமாற்றும் ஒன்று எங்குச் சென்று சேரும் என்பதை நாமும் அறிய மாட்டோம்.

நேர்முகத் தேர்வில் சிரிப்புக்கு ஆளான அந்த மாணவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவர் ஆங்கிலத்தைக் கைவிடவில்லை. சில மாதம் கழித்து வேறோர் இடத்தில் பணியில் சேர்ந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்தின் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். முதல் நாள் கரும்பலகையில் 'பாஸ் அவுட்' என்று எழுதி, அதன் பொருள்கள் அனைத்தையும் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டோம். இனி நம் தெருவிலிருந்து செல்லும் எந்தப் பிள்ளையும் அச்சொல்லுக்காகத் தலைகுனிய வேண்டியிராது.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறோம். தலைமை ஆசிரியரைப் பேச அழைத்தால் இதிலிருந்து தப்ப முடியாது. இன்று கூறிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். வாக்கியங்கள் அகராதியிலிருந்து வரவேண்டா. உங்கள் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வரட்டும். எழுதியதை உங்கள் தாய்க்குப் படித்துக் காட்டித் தமிழில் பொருள் சொல்லுங்கள். இச்சொல்லின் ஒரு பொருளை மட்டும் அறிந்து, அதற்காகவே வாழ்நாளெல்லாம் உழைத்தவர் அவர். மற்றப் பொருள்களையும் அறிந்துகொள்ள அவர்க்கு உரிமை உண்டு.

கழகம் பொன்விழாக் காணட்டும்.